மூன்று மணிக்கு மேல் என் நாக்கு

ஜூலை 8, செவ்வாய் காலை

அன்பு மகள் ஜோவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி வீட்டாரும் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அந்த ‘நன்றாக’ என்பதில் என் பங்கை மட்டும் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள். அங்கே நார்வேயில் உன் இருமல் விட்டதா, மீன் தொழிற்சாலையில் கையுறை நனைந்தால் உடனே மாற்றுகிறாயா என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது இங்கே மாலை நாலு மணி. நான் பேசியதைக் கேட்டுவிட்டு போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாய், அவரிடம் ரகசியமாக, “அப்பா, அம்மா குடிச்சிருக்காங்களா?” என்று கேட்டாய். உன் அப்பாவிடம் ரகசியம் தங்குமா, போனை வைப்பதற்குள் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் இல்லை மகளே. அந்தக் கேள்வியை உனக்கு முன்னாலேயே ஒரு கல்யாண வீடே கேட்டுவிட்டது. காலையில் என் கை நன்றாக எழுதுகிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இதைப் பார்சல் கொண்டுபோகும் உன் சிநேகிதியிடம் கொடுத்தனுப்புவேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

தவக்காலத்தில் ஆரம்பித்தது. துறைமுகத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, எந்தப் படகு எந்த வாசல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், உனக்கே தெரியும். ஒருநாள் தீவுக்குப் போகும் மாலைப் படகுக்கு ‘சிக்கிஹோர்’ என்று ஊர்ப் பெயர் சொல்லப் போனேன், கடைசி எழுத்து வரவே இல்லை. வாய்க்குள் யாரோ ஈரத் துணியை வைத்த மாதிரி. தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது. மறுநாள் ஒன்றுமில்லை. நாலு நாள் கழித்து மறுபடி. பிறகு இடது கண்ணிமை கடைக்கு ஷட்டர் இறக்குகிற மாதிரி தானாக இறங்க ஆரம்பித்தது, கையிலிருந்து காபிக் குவளை விழுந்தது, பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், குனிந்து பார்த்தால் எறும்பு இருக்காது. காலையில் நான் பழைய பெர்லிதா, மூன்று மணிக்கு மேல் வேறு யாரோ. நான் யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிறது, களைப்பு என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் வந்தது அந்தக் கல்யாணம். சிக்கிஹோருக்குப் போகும் மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர், மூங்கிலில் கோத்து முழுதாகச் சுட்ட பன்றி ஒன்று. நான் இரண்டாம் வாசல் என்றுதான் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன், ஆனால் வெளியே என்ன போய் விழுந்ததோ, பாதிப்பேர் மூன்றாம் வாசலுக்கு ஓடி போஹோல் தீவுப் படகில் ஏறிவிட்டார்கள். டிக்கெட் பார்த்து ஆட்களை இறக்கிவிட்டார்கள், பன்றியை இறக்க யாருக்கும் நினைவில்லை. அது போஹோலுக்குப் போய்விட்டது. மறுநாள் திரும்பி வந்தது, எலும்பும் மூங்கிலும் மட்டும் வந்ததாக நம் சுமைதூக்கி டொடோய் சொல்கிறான், அவன் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள். மாப்பிள்ளையின் அத்தை என் அறைக் கண்ணாடியைத் தட்டி, “மூக்கு முட்டக் குடிச்சிட்டு மைக்குல உக்காந்திருக்கா பாரு, இவளுக்கெல்லாம் வேல ஒரு கேடா!” என்று கத்தினாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்த குழறலைக் கேட்டு, “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நான் கண்ணாடியின் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

மேலாளர் மிஸ் கபாஹுக் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “பெர்லி அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரே ஒரு தடவ இந்தக் குழாயில ஊதிருங்க.” படகோட்டிகளை ஊதச் சொல்வார்களே, அந்தக் கருவி. ஊதினேன். பூஜ்யம். அவள் கண் கலங்கிவிட்டது, எனக்குக் கலங்கவில்லை, நான் வீட்டுக்கு வந்துதான் அழுதேன். உன் அப்பா முழுக் கதையும் கேட்டுவிட்டு, “முப்பது வருசமாக் கள்ளு குடிக்கிறவன் நானு, குடிகாரின்னு பேர் வாங்கினது நீயா, இது என்னடி நியாயம்?” என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். மறுநாளே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

நம் ஊர் டாக்டர் மாதவிடாய் நிற்கிற வயசு, மனக்கவலை என்று வைட்டமின் எழுதிக் கொடுத்தார். டொடோய், “இருவத்தாறு வருசமாப் பேசினா நாக்கு தேயாதா அக்கா, என் முதுகைப் பாருங்க” என்றான். மீன்காரி சூடான கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவியதுதான் காரணம், நரம்பு கோபித்துக்கொண்டது என்றாள். உன் சித்தி இன்னும் ஒரு படி மேலே போய், நான் கண்ணுக்குத் தெரியாத யாரையோ ஆலமரத்தடியில் மிதித்திருக்க வேண்டும் என்று வாரத்துக்கு ஒருமுறை இஞ்சியால் முதுகைத் தேய்த்துவிடுகிறாள். குணம் இல்லை, ஆனால் சுகமாக இருக்கிறது, அதனால் தடுக்கவில்லை. நீயும் சும்மா இருக்கிறாயா, ஞாயிறு இரவு உன் தம்பி விஷயத்தைச் சொன்னதிலிருந்து இந்த இரண்டு நாளில் அவன் போனுக்குப் பதினொரு நோய் அனுப்பியிருக்கிறாய், அதில் மூன்றின்படி நான் ஈஸ்டருக்கே செத்திருக்க வேண்டும். போதும் மகளே, நிறுத்து.

படகேறிப் போய் செபு நகரத்தில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் ஒலிவெரோஸ், உன் வயசுதான் இருக்கும். தலையைப் படம் எடுத்தார்கள், அந்தக் குகைக்குள் படுத்துக்கொண்டு நான் படகு நேரங்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுத்தார்கள், ஊசி குத்தி நரம்பில் மின்சாரம் விட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. உனக்குச் சிரிப்பு வரும், அதைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது. கெட்டது இருக்கிறது என்றால்கூட அதோடு சண்டை போடலாம். ஒன்றுமில்லை என்றால் அந்தக் கல்யாணத்து அத்தை சொன்னதுதான் உண்மையா, நான் நடிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டாக்டரிடம் கேட்டும்விட்டேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்து, “ஆன்ட்டி, உங்களுக்கு என்னன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. நீங்க சொல்றத நான் நம்புறேன், தேடிக்கிட்டே இருப்பேன்” என்றாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த மருந்து அதுதான். இன்னொரு ரத்தப் பரிசோதனை வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது, ஆறு வாரம் ஆகுமாம். நம் ரத்தம் உன்னைவிட அதிக தூரம் போய்விட்டது என்று அப்பா சொல்கிறார்.

பயம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஒருநாள் மாலை சோறு தொண்டையில் நின்றுவிட்டது, இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை, அப்பா முதுகில் தட்டித் தட்டித்தான் இறங்கியது. இப்போது பெரிய சாப்பாடு மத்தியானத்தோடு சரி, மாலையில் கஞ்சி, அதைக் காய்ச்சுவது அவர். முதல் வாரம் பசை, இரண்டாம் வாரம் வெந்நீர், இப்போது பரவாயில்லை.

இனி நல்ல செய்தி. மிஸ் கபாஹுக் ஒரு யோசனை சொன்னாள், காலையில் என் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு மாலையில் போடலாம் என்று. எனக்குச் சுருக்கென்று வந்தது, உயிரோடு இருக்கும்போதே எனக்கு இரங்கல் பூசையா என்று கேட்டுவிட்டேன். அவள் விடவில்லை. சரியென்று பதிவு செய்து கொடுத்தேன். இரண்டு வாரம் மாலைகளில் என் குரல் ஜோராகப் பேசும், நான் பக்கத்தில் இமை தொங்க வாயை மூடி உட்கார்ந்திருப்பேன், என் மேலேயே எனக்குப் பொறாமை.

போன வியாழன் நாலரை மணிக்குத் திடீரென்று தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. எல்லாப் படகும் ரத்து. அதற்கு எந்தப் பதிவும் இல்லை. கூடத்தில் முந்நூறு பேர், குழந்தைகள் அழுகை, சேவல் கூடைகள், ஆளாளுக்குக் கத்தல். மிஸ் கபாஹுக் மைக்கில் கத்திப் பார்த்தாள், அவள் குரல் கொசு மாதிரி, ஒருவர் காதிலும் ஏறவில்லை. யாரோ தடுப்பைத் தள்ளிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் ஓடுகிறார்கள், அலை பலகைக்கு மேலே அடிக்கிறது. நான் மைக்கை இழுத்தேன். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை ஜோவி. “நான் பெர்லிதா. நான் குடிக்கல. மூணு மணிக்கு மேல என் நாக்கு இப்படித்தான், ஏன்னு டாக்டருக்கே இன்னும் தெரியல. நான் சொல்றது முக்கியம், கொஞ்சம் மெதுவாக் கேளுங்க” என்றேன். சொன்னேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து வாளி இறைக்கிற மாதிரி இறைத்தேன். கூடம் அப்படியே அடங்கிவிட்டது. எனக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தினேன். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளை சத்தமாக, “மெதுவாவே சொல்லுங்கக்கா, நாங்க எங்க போகப்போறோம், அதான் படகே இல்லையே!” என்றாள். முந்நூறு பேரும் சிரித்தார்கள். நானும் மைக்கிலேயே சிரித்துவிட்டேன், சிரிப்பு மட்டும் குழறாது, அன்றுதான் கண்டுபிடித்தேன். தடுப்புப் பக்கம் போனவர்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் படகு நாளை எத்தனை மணிக்கு, எங்கே படுக்கலாம், பாலுக்குச் சுடுதண்ணீர் எங்கே, எல்லாம் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. யாருக்காவது புரியவில்லை என்றால் கையைத் தூக்குவார்கள், நான் மறுபடி சொல்வேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

இப்போது எனக்குக் காலை நேர வேலை, நேரடிக் குரல். மாலையில் பதிவு. காற்று மழை என்று அவசரம் வந்தால் மட்டும் நான், குழறினாலும் நான்தான் என்று மிஸ் கபாஹுக் அறிவிப்புப் பலகையில் எழுதியே வைத்துவிட்டாள்.

அதனால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று தம்பியிடம் சொன்னாயாமே, அது வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன் என்பதால் சொல்லவில்லை, என்ன என்றே தெரியாத ஒன்றுக்காக உன் ஒப்பந்தத்தை முறிக்காதே என்று சொல்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு வா, தாராளமாக வா. என்ன நோய் என்று தெரிந்து, நீ பக்கத்தில் வேண்டும் என்றால், நானே கூப்பிடுவேன், மறைக்க மாட்டேன், இது சத்தியம். இனிமேல் நீ படுக்கப் போகுமுன் போன் செய், இங்கே விடிந்திருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் வாயாடலாம்.

வருகிற வெள்ளி மறுபடி செபுவுக்குப் போகிறோம். புதிய பரிசோதனை, அநேகமாக மறுபடி தெரியவில்லை என்பார்கள், போய்க் கேட்டுவிட்டு வருகிறோம். அப்பா இப்போதே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார், டாக்டருக்குக் காட்ட என் இமை இறங்கும் நேரங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், எழுத்துப் பிழைகளோடு. காலை ஆறு மணிப் படகு, நாக்கு மணி மாதிரி இருக்கும் நேரம். மிஸ் கபாஹுக்கிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். செபு போகும் பயணிகள் ஒன்றாம் வாசலுக்கு வரவும் என்று நானே மைக்கில் அறிவித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நானே ஒன்றாம் வாசலுக்குப் போவேன்.

மாதாவும் புனித நீக்கோலாரும் உன்னை நீ நிற்கிற இடத்தில் காக்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இருமல் மருந்து பார்சலில் அடியில் இருக்கிறது, உலர்மீனை முதலில் எடுத்துத் தின்றுவிட்டு மருந்தை மறந்துவிடாதே.

உன்னை நினைத்தபடி,
அம்மா பெர்லிதா