உன் ஜோடிகளைப் பிரித்துவிட்டார்கள்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. குழந்தைக்குச் சளி. மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்ததில் என் தூக்கம் போய்விட்டது. மேசைமேல் மில்லில் கொடுத்த ஆயுத பூஜைப் பொரிப் பொட்டலம் இருக்கிறது. பொட்டுக்கடலையும் வெல்லமும் சந்தனமும் கலந்த அந்த வாசனை வந்ததும் உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. போன பூஜைக்கு என் பொட்டலத்தில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, "ஏனுங்க அம்மணி, டைம் ஆபீஸ்காரங்களுக்குப் பொரி போதாதுங்களா?" என்று சிரித்தாய். தை மாதம் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. ரீலிங் பகுதியில் உன் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லூரியில் ஒரே பெஞ்சு நமக்கு. மில்லில் நீ சூப்பர்வைசர், நான் வருகைக் கணக்கு எழுதும் குமாஸ்தா. டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நூலை ரீல் சக்கரத்தில் சுற்றிச் சிட்டக் கட்டுகளாக்கும் அந்தப் பெண்களில் பாதிப் பேர் கைக்குழந்தைக்காரிகள். பால் கொடுக்கத் தொட்டில் ரூமுக்குப் போனால் ரீல் நின்றுவிடும். நீதான் ஒரு பிள்ளைக்காரியையும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒருத்தியையும் அடுத்தடுத்த ரீலில் நிறுத்தினாய். ஒருத்தி போனால் மற்றவள் இரண்டையும் பார்ப்பாள். சுற்றிய சிட்டம் இருவருக்கும் பொதுவாக எழுதப்படும்.

முதலில் எத்தனை சண்டை! "பால் குடுக்கப் போறவ வெத்தலையும் போட்டுட்டுத்தானுங்க வாரா" என்று ஒருத்தி புகார் கொண்டுவந்தாள். நீ சிரிக்காமல், "அப்ப நீங்களும் ஒரு வாய் போட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் ரெண்டு ரீலையும் நான் பாக்கறேன்" என்றாய். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ரீலுக்குத் திரும்பிப் போனாள்.

அதட்டாமல் எப்படி வேலை வாங்குகிறாய் என்று உன்னை ஒருமுறை கேட்டேன். "அதட்டுனா கை பயந்து ஓடும், நூலு அறுந்துபோகும். எனக்கு வேண்டியது நூலுங்க அம்மணி" என்றாய்.

அந்த ஏற்பாட்டைத்தான் கலைத்துவிட்டார்கள். பம்பாயில் பயிற்சி எடுத்து வந்த நம் மேனேஜர்தான் செய்தார். இரங்கல் கூட்டத்தில் உன் படத்துக்கு மாலை போட்டுக் கண் கலங்கினாரே, அவரேதான்! "ஜோடியெல்லாம் சோம்பேறிக்குக் கெடச்ச நெழலுங்க. தனித்தனியா எழுதுங்க. ஜாஸ்தி சுத்தறவங்களுக்குப் பூஜையன்னிக்கு எவர்சில்வர் தூக்கு. கொறைச்சலா சுத்துனவங்க பேரு வாசப் பலகையில" என்றார்.

"பிள்ளைக்காரங்க என்ன பண்ணுவாங்க சார்?" என்று கேட்டேன்.

"நான் யாரையும் போகவேண்டாம்னு சொல்லலீங்களே. போறவங்க தாராளமாப் போகலாம்."

எவ்வளவு சாமர்த்தியம் பார்! கதவைப் பூட்டினால் எதிர்த்துக் கேட்கலாம். பூட்டாத கதவின் முன்னால் நின்று என்ன கேட்பது? சில வாரங்களில் தொட்டில் ரூமுக்குப் போகும் வழியே வெறிச்சோடிப் போயிற்று.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் ராமாத்தாளை உனக்குத் தெரியும். அவளுக்கு ஜோடியாக மாரக்காளை நிறுத்தியவளே நீதான். போன வாரம் ராமாத்தாளின் பிள்ளை சுவருக்கு அந்தப்புறம் வீரிட்டு அழுகிறது. இவள் ரவிக்கை நனைந்து, ஈரம் இடுப்பு வரை இறங்கிவிட்டது.

"சித்த நேரம் பாத்துக்குங்கக்கா" என்றாள்.

மாரக்காள் தலை நிமிரவில்லை. "என்ற ரீலைப் பாக்கவே கண்ணு பத்தலை கண்ணு. மகளுக்குத் தையில கலியாணம். அந்தத் தூக்கைச் சீருல வெக்கோணும்."

அவளை எப்படித் திட்டுவேன்? நான்தான் ராமாத்தாளிடம், "நீங்க போங்க, பிள்ளை அழுவுதில்ல" என்றேன். "போனாப் பலகையில என்ற பேருங்க. பஸ்ஸுல வர்ற ஆம்பளைங்கெல்லாம் படிச்சுச் சிரிக்கறாங்க" என்றாள். போகவில்லை. தொட்டில் ரூம் ஆயா சர்க்கரைத் தண்ணீர் புகட்டியிருக்கிறாள். பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்ட பிறகுதான் பெற்றவளைக் கூப்பிட்டார்கள். பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் என் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். நான் நாள் முழுக்க மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிற குழந்தைதானே இதுவும்.

இன்று பூஜை. இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். மேனேஜர் தூக்கை உயர்த்திப் பிடித்து மாரக்காள் பேரைச் சொன்னார். அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். கைதட்டல் ஓயுமுன்னே பின்வரிசையிலிருந்து ராமாத்தாள் குரல் வந்தது:

"ஏனுங்க சார், அந்தத் தூக்குல பால் சொரக்குமுங்களா?"

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மில் முழுவதும் பரவிற்று. மாரக்காள் சிரிக்கவில்லை. தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள்.

பூஜை முடிந்ததும் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ராமாத்தாளை வேலையை விட்டு நீக்கப் போகிறாராம். அவள் வேலையில் மந்தம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "நீங்க கண்டிப்பாத்தான் இருக்கோணும். புதுசா வந்தவங்களை ஆழம் பாப்பாங்க" என்று எனக்கு அறிவுரை வேறு. மந்தமாம்! பிள்ளை அழுகிறபோதும் ரீலை விட்டு நகராதவளா மந்தம்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு ஊர் வம்பு? ஒரு கையெழுத்துத்தானே, போட்டுட்டு வந்துரு. உன்ற வேலை போச்சுன்னா?" என்றார். பயம் எனக்கும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் ராமாத்தாள் பேரை எழுதிய தாளில் என் கையெழுத்து விழாது. விழுந்தால், பிள்ளைக்குப் பால் கொடுப்பது குற்றம் என்று நானே சொன்னதாகிவிடும். உன்னிடமிருந்து நான் பெற்றுக்கொண்ட ஒரே பாடம், இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவள் அவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார எனக்கு என்ன யோக்கியதை?

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளை மறுநாள் மில் திறந்ததும் ராமாத்தாளை ரீலில் நிறுத்துவேன். பிள்ளை அழுதால் அவளைத் தொட்டில் ரூமுக்கு அனுப்பிவிட்டு, அவள் ரீலை நானே பார்ப்பேன். மேனேஜர் வந்து பார்க்கட்டும். என்னையும் அனுப்புவதானால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் அனுப்பட்டும்.

ஒன்றுதான் இடிக்கிறது. அறுந்த இழையை முடிச்சிட எனக்கு வராது. நீ கட்டைவிரலில் சுற்றி, பார்க்காமலே ஒரே இழுப்பில் முடிவாய். நானும் பத்து தடவை முயன்றுவிட்டேன், அவிழ்ந்து அவிழ்ந்து போகிறது. எந்த விரலில் முதலில் சுற்றுவாய், எந்தப் பக்கம் இழுப்பாய்? எப்படியாவது சொல்லு. நாளை மறுநாள் காலைக்குள் வேண்டும். சீக்கிரம் பதில் போடு.