சொன்னது நான், பழி மீன்காரருக்கு

ஓகஸ்ட் 11, திங்கள்

சோளகக் காத்து அள்ளி வீசுது. முத்தம் கூட்டக் கூட்டப் புழுதி. குளம் வத்தி நடுவில ஒரு கிடங்குத் தண்ணிதான்.

செய்ய வேண்டியது:
– கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அறிவித்தல் எழுத (24 ஞாயிறு, பின்னேரம் 4 மணி, பொதுநோக்கு மண்டபம்)
– மகளின்ர சப்பாத்துத் தைக்கக் குடுக்க. அடுத்த கிழமை பள்ளிக்கூடம் துவங்குது
– கோழிக்குத் தவிடு
– போன்

கடைசியைத்தான் முதல் செய்தன்.

இவர், என்ர மனிசன், காலமை வாளிக்குள்ள சத்தி எடுத்தவர். ரத்தம். வாளி கழுவினது நான். "வெத்திலைச் சாறடி" எண்டு எனக்கே கதை விடுறார். மனிசன் வெத்திலையை விட்டு ஆறு மாசம். இன்னும் குடிச்சால் ஈரல் போயிடும், பேந்து என்னட்டைக் கொண்டு வராதேங்கோ எண்டு டொக்டர் போன மாசமே சொன்னவர். மேசன் வேலைக்கும் போறேல்லை. விடிய எழும்பினால் குளக்கட்டுக்குத்தான் நடை.

குளக்கட்டுக்குப் பின்னால, காட்டுக்கை, யோகன் கள்ளமாக் கசிப்புச் சாராயம் காய்ச்சிறான். ஊருக்கே தெரியும். திருவிழாப் பந்தல் அவன்ர செலவு. தண்ணி இல்லாத காலத்தில பவுசர் லொறி அனுப்பிறதும் அவன். ஆர் வாய் திறக்கிறது? (இனி யோ. எண்டு எழுதுவம். பெரிய மறைப்பு!)

போன மாசம் ஸ்டேசனில சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டம். சங்கச் செயலாளர் எண்டபடியால் நானும் போனனான். ஒரு தமிழ்க் கொன்ஸ்டபிள் நம்பர் எழுதித் தந்தவர். "அக்கா, என்ன எண்டாலும் சொல்லுங்கோ. உங்கட பேர் வெளியில வராது. என்ர பிள்ளையள் மேல சத்தியம்." அவருக்கு இன்னும் கலியாணமே முடியேல்லை எண்டு பேந்துதான் அறிஞ்சன்.

மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால நிண்டு கதைச்சன். எத்தினை பரல், எந்தப் பாலை மரத்தடி, எத்தினை மணிக்கு ஆள் நிக்கும். மூண்டு நிமிசம் வராது. போனை வைச்சிட்டுக் குசினிக்குள்ள வந்து சீனிப் போத்தலைப் போட்டு உடைச்சன். தவிடு வாங்கேல்லை.

13, புதன்

பிடிச்சிட்டாங்கள். யோ.வையும் ரெண்டு பேரையும். கோடா ஊற வைச்ச பரல் எல்லாம் கவிட்டு ஊத்தியாச்சாம். காத்துக்கு அந்தப் புளிச்ச மணம் எங்கட குசினி மட்டும் வருது.

தண்ணிக் குழாயடியில கேட்டது:
"நேர பாலையடிக்கே போயிருக்கிறாங்கள். தேடவும் இல்லையாம்."
"ஆரோ வடிவாப் படம் கீறிக் குடுத்திருக்கினம்."
"காட்டிக்குடுத்துத் தின்னிற சனம் இன்னும் இருக்குதடியப்பா."

நானும் "ஓம், பாருங்கோவன்" எண்டனான். குடம் நிரம்பி வழிஞ்சதும் தெரியேல்லை.

இவர் தேங்காய் வெட்டிற கத்தியோட முத்தத்தில நிண்டு கத்துறார். "சொல்லிக் குடுத்தவன் ஆரெண்டு தெரியட்டும். முதல் வெட்டு என்ர." பேந்து, "சோத்தைப் போடு." போட்டன்.

14, வியாழன்

இவர் குடிக்கேல்லை. ஒரு முழு நாள்! கை உதறுது, வேர்க்குது, ஆனாலும் ஆடின படலையைக் கழட்டித் திருத்திப் போட்டவர். மகளுக்குப் பின்னல் கட்டப் பார்த்து, கட்டத் தெரியாமல், ரெண்டு பேரும் சிரிச்சவை. குசினிக்குள்ள நிண்டு அழுதன். இதுக்காகத்தான். வேற ஒண்டுக்கும் இல்லை.

றஹீம் நானா மீன் கொண்டு வந்தவர். முல்லைத்தீவுக் கரையில விடிய எடுத்து, மோட்டச்சைக்கிளில ரெஜிபோம் பெட்டி கட்டி, பதினொரு மணிக்கு எங்கட ஒழுங்கைக்கு வந்திடுவார். ஏழு வருசமா வாறார். இண்டைக்குச் சூடை. "மச்சானுக்குச் சொதி வைச்சுக் குடுங்கோ தங்கச்சி, வயித்துக்கு நல்லம்" எண்டு ஒரு கை கூடப் போட்டவர்.

இவர் ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர்.

16, சனி

யோ. வெளியில. தண்டம் கட்டிப்போட்டு வந்திட்டான், அவ்வளவுதான். மாப்பிள்ளை மாதிரி ஒழுங்கை முழுக்க நடந்து திரியிறான்.

யோ. கடையடியில நிண்டு சொன்னதை இவர் வந்து சொன்னார். யோ. ஸ்டேசனில கேட்டவனாம், ஆர் எங்களைச் சொன்னது எண்டு. "உங்கட ஊர் ஆள் இல்லை, வெளியால வந்து போற ஆள்" எண்டாங்களாம்.

எனக்கு முதல்ல மூச்சு வந்தது. உண்மையைச் சொல்லவேணும், இந்தப் புத்தகத்திலயாவது. அப்பாடா எண்டுதான் இருந்தது.

பேந்து இவர் விரல் மடக்கினார். வெளியால வந்து போறது ஆர்? பாண்காரன். அவன் ரோட்டில பாட்டைப் போட்டுக்கொண்டு போறவன், குளக்கட்டு எந்தப் பக்கம் எண்டே அறியான். மற்றது மீன்கார நானா. ஸ்டேசன் குசினிக்கும் மீன் குடுக்கிறவர். சிங்களம் தண்ணி பட்ட பாடு. போன கிழமையும் பொலிஸ் மறிச்சுச் சிரிச்சுக் கதைச்சதை யோ.வின்ர ஆள் கண்டதாம்.

"அவர்தான்" எண்டார் இவர்.
"சும்மா விசர்க் கதை கதையாதேங்கோ" எண்டன்.
"உனக்கென்ன அவ்வளவு தெரியும்?"

உலை பொங்குது எண்டு எழும்பிப் போனன்.

17, ஞாயிறு

மகளைக் கோயிலுக்கு அனுப்பிப்போட்டுக் கொன்ஸ்டபிளுக்கு எடுத்தன். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேட்டன். அவருக்குப் பெருமை. "உங்களைக் காப்பாத்தத்தானே அக்கா! ஊருக்குள்ளதான் எண்டு சொல்லியிருந்தால் வீடு வீடாத் தேடியிருப்பாங்கள்."

வெளியால வந்து போறது ஒரேயொரு மனிசன் தம்பி, அவரில பழி விழுந்திட்டுது எண்டன்.

"அது ரெண்டு நாள் கதைப்பினம், விட்டிடுவினம். அது கிடக்கட்டும், ஆத்தில மணல் அள்ளுறது ஆர்ர ட்ரக்டர் எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

எனக்குத் தெரியாது, என்னை விடுங்கோ எண்டன்.

பிறகு, நல்ல மரியாதையா: "நீங்கள் எங்களோட நிண்டால்தானே அக்கா, நாங்களும் உங்கட பேரைப் பத்திரமா வைச்சிருக்கலாம்."

ஆப்பிழுத்த குரங்கு நான். மத்தியானம் சோறு குழைஞ்சு போச்சு.

19, செவ்வாய்

நானா வந்தவர். ஒருத்தரும் வாங்கேல்லை. படலை படலையா நிண்டு கூப்பிட்டவர், பாரை கிடக்கு, திரளி கிடக்கு எண்டு. எல்லா வீட்டிலயும் ஆள் நிண்டது. யோ.வின்ர ஆக்கள் ரெண்டு பேர் வந்து பெட்டியை இழுத்துக் கவிட்டவங்கள். மீன் முழுக்கப் புழுதிக்குள்ள. ஒருத்தன் கன்னத்தில அறைஞ்சவன். "சொல்லிக்குடுத்த வாய்க்கு இது. இன்னொருக்கா வந்தால் மோட்டச்சைக்கிளோட கொளுத்துவம்."

வேலிக்கு இஞ்சால நிண்டு பார்த்தன். கால் எடுத்து வைக்கேல்லை. இவர் எனக்குப் பின்னால நிண்டு, "நல்லாக் குடுத்தாங்கள்" எண்டார்.

அவங்கள் போனாப்பிறகு நானா ஒவ்வொரு மீனாப் பொறுக்கினவர். பொறுக்கி முடிச்சு எங்கட படலைக்கு வந்து தண்ணி கேட்டவர். செம்பில குடுத்தன். கன்னத்தில விரல் பதிஞ்சு கிடந்தது.

"தங்கச்சி, நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் நானா எண்டன். எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு உலகத்தில ஆருக்குத் தெரியும்?

"சின்ன வயசில ஒருக்கா, முஸ்லிம் ஆக்களைப் போகச் சொன்ன நேரம், எல்லாரும் வெளிக்கிட்டனாங்கள், உடுத்த உடுப்போட. திரும்பி வந்து ஒரு வீடு கட்டி முடிக்க இவ்வளவு காலம் போச்சு. இந்தக் கதை கரைக்கும் போனால் அங்கையும் எனக்கு ஒருத்தன் மீன் தரமாட்டான். சங்கத்தால ஒரு கடிதம் தாங்கோ தங்கச்சி. றஹீம் நல்ல மனிசன், ஒருத்தரையும் சொல்லிக்குடுக்கேல்லை எண்டு. தலைவரும் நீங்களும் ஒப்பம் வைச்சால் போதும்."

அப்பவே உள்ள போய், ஒரு தாள் கிழிச்சு எழுதியிருக்கலாம். முத்திரை என்ர அலுமாரியில. தலைவர் கந்தசாமி அண்ணை நான் நீட்டினால் வாசிக்காமலே ஒப்பம் வைக்கிறவர்.

நான் சொன்னது: "கூட்டத்தில வைச்சுப் பாப்பம் நானா."

பதினொரு வருசம் செயலாளரா இருந்து பழகின வாய். மணல், லைற், மலசலகூடம், எது கேட்டு வந்தாலும் கூட்டத்தில வைச்சுப் பாப்பம். அந்த மனிசன் நன்றி சொல்லிப்போட்டுப் போறார்.

21, வியாழன்

காத்து நிண்டு வெக்கை. மகளுக்குத் தடிமன், மூக்கு வடியுது.

கடிதம் எழுதிப் பார்த்தன். "மேற்படி நபர் பொலிசாருக்கு எதுவித தகவலும் வழங்கவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறேன்." உனக்கெப்பிடித் தெரியும் எண்டு ஆரும் கேட்டால்? கிழிச்சு அடுப்புக்கை. "நாம் அறிந்தவரையில்" எண்டு போட்டு இன்னொண்டு. அதுவும் அடுப்புக்கை.

எங்கட சனத்தில ஆர்தான் சொல்லிக்குடுக்கேல்லை? யோசிச்சுப் பார்த்தன். எல்லை வேலிக்குக் கோவிச்சுக்கொண்டு சொன்னவை இருக்கினம். தன்ர பிள்ளையை வழக்கில இருந்து எடுக்க மற்றவன்ர பிள்ளையைச் சொன்னவை. அடிதாங்க ஏலாமல் சொன்னவை, அவையைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெரிய ஆள் மாதிரி இருக்குமெண்டு சும்மா சொன்னவை. என்ர அண்ணாவைச் சண்டைக் காலத்தில கூட்டிக்கொண்டு போனதும் ஆரோ ஒருத்தர் சொல்லித்தான். இண்டு வரைக்கும் ஆரெண்டு தெரியாது. அம்மா சாகும் மட்டும் ஒவ்வொரு முகமாப் பார்த்து இவளோ, இவனோ எண்டு கொண்டிருந்தவா. அந்த வீட்டில பிறந்த நான் போன் எடுத்தனான்.

ஆனால் வாளிக்குள்ள ரத்தம் கிடந்ததே. நான் என்னத்தைச் செய்யிறது?

22, வெள்ளி

இவர் குடிச்சிட்டு வந்தவர். யோ. இப்ப குளத்துக்கு அந்தப் பக்கம் காய்ச்சிறானாம். முந்தியைவிட நல்ல சரக்காம். ஒன்பது நாள்தான். ஒன்பது நாளுக்கு ஒரு மனிசன்ர பிழைப்பை வித்தன்.

சொல்லிப்போடுவம் எண்டு பக்கத்தில போய் இருந்தன். "இஞ்சாருங்கோ, நானா பாவம், அவர் இல்லை." சிவந்த கண்ணால பார்த்தார். "அப்ப ஆர்?" கத்தி கூரை இறப்பில சொருவிக் கிடந்தது. மகள் பக்கத்தில பாயில. தெரியாது எண்டன்.

24, ஞாயிறு

கூட்டம். வரவு 43. இவ்வளவு சனம் ஒருநாளும் வாறேல்லை. நிவாரணம் குடுக்கேக்கை வரும்.

நானா கேட்ட கடிதத்தை ஆறாவது விசயமாப் போட்டிருந்தன். எல்லாரும் களைச்சிருப்பினம், கெதியா ஓம் எண்டு போட்டுப் போவினம் எண்டு கணக்கு. நான் அறிவித்தலில "மீன் வியாபாரி றஹீம் தொடர்பாக" எண்டு எழுதி ஒட்டின அண்டே யோ. வீடு வீடாப் போயிருக்கிறான். அது எனக்கு அங்கை போய்த்தான் விளங்கினது. நான் வாய் பொத்திக்கொண்டு தாளில எழுதிக் குடுத்திருந்தால் இந்தக் கதை வந்தே இராது.

நான் அந்த விசயத்தை வாசிச்சு முடிக்க முதல் யோ. எழும்பினான். நானாவின்ர பேரே சொல்லேல்லை, அவ்வளவு கெட்டிக்காரன். "வெளியூர் வியாபாரியள் இனி ஊருக்குள்ள வரக்கூடாது. பாதுகாப்புத்தானே எங்களுக்கு முக்கியம்? முன்மொழியிறன்."

ஆர் வழிமொழியிறது எண்டு தலைவர் கேட்டார். 43 பேரும் நிலத்தைப் பார்க்கினம். ஒருத்தருக்கும் விருப்பம் இல்லை, எனக்கு நல்லாத் தெரிஞ்சது. பாதிப் பேர் அந்த மனிசனிட்டை ஏழு வருசம் மீன் வாங்கினவை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருந்தால் விழுந்திருக்கும். வழிமொழிய ஆள் இல்லாட்டில் தீர்மானம் இல்லை.

யோ. என்னைப் பார்த்தான். "செயலாளர் அக்கா வழிமொழியட்டும். அவா ஒருத்தரின்ர பக்கமும் நிக்காத ஆள். இல்லாட்டில் அவாவுக்கு அந்தாளில என்ன அக்கறை எண்டு சனம் யோசிக்குமெல்லே?"

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன். அவனுக்குத் தெரியுமோ, சும்மாதான் சொன்னவனோ, இப்பவும் விளங்கேல்லை. 43 முகமும் நிமிர்ந்தது. இவர் முழங்கையால இடிச்சு, "சொல்லனப்பா" எண்டார்.

பேனையை மூடினன். திறந்தன். வழிமொழியிறன் எண்டன்.

கூட்ட அறிக்கையில நானே எழுதினன், என்ர பேரை, வடிவான கையெழுத்தில. ஏகமனதாக நிறைவேறியது. அறிவிக்கவேண்டிய கடிதமும் நானே எழுதவேணும், செயலாளர் எல்லோ.

25, திங்கள்

மழை இருட்டு, ஆனால் பெய்யேல்லை.

தபாலில போட்டால் கிடைக்க முதல் வந்து நிப்பார், கொளுத்துவாங்கள். அந்தப் பயத்தில நானா வெளிக்கிட முதல் போன் எடுத்தன். சொன்னன். வராதேங்கோ நானா, தீர்மானம் இப்பிடி எடுத்திட்டினம், யோகன் முன்மொழிஞ்சவன், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன். எவ்வளவோ! கூச்சமில்லாமல் வருது.

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம். பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்டிருக்கிறார். சத்தம் நிண்டது.

"சரி தங்கச்சி. யோகன் செய்வான், அது தெரிஞ்சதுதான். தனிய ஒருத்தன் சொல்லித் தீர்மானம் வராதே. மற்றது ஆர்? நான் ஒண்டும் செய்யமாட்டன், அல்லாஹ் மேல ஆணை. ஏழு வருசம் மீன் குடுத்த கையில எந்தக் கை எண்டு தெரிஞ்சால் போதும்."

இவர் குசினி வாசலில தேத்தண்ணிக்கு நிக்கிறார்.

தலைவர் எண்டன்.

"கந்தசாமி அண்ணையோ?"

ஓம் எண்டன். அந்த மனிசன் கூட்டத்தில ஆர் வழிமொழியிறது எண்டு கேட்டதைத் தவிர வேற ஒரு சொல்லும் சொல்லேல்லை.