காரை விடுவிக்கும் முன் நான்கு நட்டுகளைப் பார்க்க வேண்டி

என் மகளே பட்டாணி, அம்மா உன் விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் என் கூடவே இரு. தப்பாக எழுதினால் தலையில் ஒரு குட்டு வை.

அனுப்புநர்:
டர்போ காரின் புகைக்குழாய் வேலையில் இறந்துபோன பெண் மெக்கானிக்கின் தாய்,
சட்டைகளுக்குப் பட்டன் தைப்பவர்,
மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டிடம்.

பெறுநர்:
உயர்திரு விபத்து விசாரணை அதிகாரி அவர்கள்,
வாகனப் பரிசோதனை அலுவலகம்.

பொருள்: என் மகள் மேல் ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று எழுதியிருப்பதை நீக்கவும், தங்கள் அலுவலக முற்றத்தில் நிற்கும் சாம்பல் நிறக் காரை விடுவிக்கும் முன் அதன் புகைக்குழாயின் நான்கு நட்டுகளைத் தாங்களே பார்க்கவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் இரண்டு பக்க அறிக்கை.

மரியாதைக்குரிய ஐயா,

1. வணக்கம். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். பட்டன் தைக்கிற கை, பேனா பிடிக்க முரண்டு பண்ணுகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

2. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், ‘புகைக்குழாயைச் சரிவர இறுக்காமல் விட்டதாலும், மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிட்டதாலும், தன் சொந்தக் கவனக்குறைவால்’ என் மகள் இறந்தாள் என்று இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் எனக்கு நாற்காலி போட்டு, மெதுவாகப் படித்துக் காட்டினார்கள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வரி தப்பு ஐயா. வரும் வெள்ளிக்கிழமை தாங்கள் அதில் கையெழுத்துப் போட்டதும் காரை விட்டுவிடுவார்களாம். கார்க்காரர் அன்றைக்கே வேறு பட்டறைக்குக் கொண்டுபோய் அந்தக் குழாயைக் கழற்றி எறியப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதை எறிந்துவிட்டால் என் மகள் பக்கம் பேச அந்த இரும்புகூட மிஞ்சாது. அதனால்தான் இந்த அவசரம்.

3. டர்போ என்றால் என்னவென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். என்ஜின் விடுகிற சூட்டுப் புகை, வெளியே போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகுமாம். அந்தச் சுற்றில்தான் என்ஜினுக்குள் கூடுதல் காற்று போகுமாம். சக்கரத்தைத் தாண்டிய புகையை வாங்கிக் கீழே இறக்குகிற குழாய்க்கு டவுன் பைப் என்று பேர். அந்தக் காரில் அது விரிசல் விட்டிருந்தது. புதுக் குழாய், இணைப்பில் புகை கசியாமல் இடையில் வைக்கிற புதுக் கேஸ்கெட், புது நட்டு நான்கு போட்டாள். பழைய நட்டைத் துடைத்து மறுபடி போடுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. அதற்காகவே பட்டறைக்காரரிடம் அடிக்கடி வாய்ச்சண்டை.

4. இறுக்குவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு இறுக்கு. பிறகு என்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றுவாள். அணைத்துவிட்டு, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிற வரைக்கும் ஆறவிடுவாள். ஆறியதும் இரண்டாம் இறுக்கு. சூட்டில் கேஸ்கெட் அமுங்கி, நட்டு கொஞ்சம் இடம் கொடுத்துவிடுமாம். அதனால் முதல் இறுக்கை மட்டும் நம்பக் கூடாதாம். முதல் இறுக்கு முடிந்ததும் ஒவ்வொரு நட்டின் ஓரத்திலும் பஞ்ச் என்கிற கூர் இரும்பை வைத்து, சுத்தியலால் தட்டி ஒரு புள்ளி வைப்பாள். இரண்டாம் இறுக்கு முடிந்ததும் அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி. பெயிண்ட் அந்தச் சூட்டில் கருகிவிடும், புள்ளி கருகாது என்பாள். இரண்டு புள்ளி விழாத வண்டி வெளியே போகக் கூடாது என்பது அவள் சட்டம். பட்டறைக்காரர், ‘புள்ளி வச்சு முடிச்சியாம்மா, இல்ல கையெழுத்தும் போடப் போறியா?’ என்று கிண்டல் பண்ணுவாராம். ‘ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதான கட்டுவீங்க, அதுக்குத்தான் இப்பவே அடையாளம் வெக்கிறேன்’ என்று இவளும் விடமாட்டாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றி மாட்டியபோது அதிலும் இரண்டு புள்ளி வைத்தாள்.

5. தாய் பேச்சு, பாசத்தில் சொல்லுகிறாள் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. அதனால் போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். அவள் கை வைத்த ஆறு கார்களைத் தேடிப் பிடித்தேன். எல்லாம் வாடகைக்கு ஓடுகிற டர்போ வண்டிகள். எனக்குக் கண்ணில் புரை, சரியாகத் தெரியாது. ஒரு டிரைவர் தம்பி பானெட்டைத் திறந்து, சூடு தடுக்கிற தகட்டைக் கழற்றிக் கொடுத்து, டார்ச் அடித்தார். விரலால் தடவிப் பார்த்தேன். இன்னொரு வண்டிக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க முடிந்தது. தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ‘அம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை, எழுந்திருங்க’ என்றார் அந்த வண்டிக்காரர். ஆறு கார், நட்டு மொத்தம் இருபத்து நான்கு. இருபத்து நான்கிலும் இரண்டிரண்டு புள்ளி. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆறு பேரின் வண்டி எண்களையும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

அப்போது ஒன்று தெரிந்துகொண்டேன் ஐயா. அறிக்கையில் இப்படி இருக்கிறது என்று வெளியே பேச்சு போய்விட்டது. ஆறு பேரில் இரண்டு பேர், ‘தப்பா நினைக்காதீங்கம்மா, பயமா இருக்கு, வேற இடத்துல ஒரு தடவை கழட்டிப் பார்க்கச் சொல்லப் போறோம்’ என்றார்கள். அவள் இறுக்கினதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றப் போகிறார்கள். அவள் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். இருபத்தாறு வயதில் போய்விட்டாள். இந்த ஊரில் அவள் விட்டுப்போனது அந்த நட்டுகள்தான்.

6. அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போது சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் அவளுக்கே பிடிக்காது.

அன்று காலையில் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மருந்து விட்டார்கள். எதிரில் இருப்பவர் முகம்கூடப் பனிக்குள் இருப்பதுபோல் ஆனது. ‘ரெண்டு மணி நேரம் பெஞ்சில உட்காருங்க, தானா தெளிஞ்சிடும்’ என்று நர்ஸ் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை. தைக்க வேண்டிய சட்டைகள் வீட்டில் கிடந்தன. அவளுக்குப் போன் போட்டு, ‘வந்து கூட்டிட்டுப் போ’ என்றேன். ‘அம்மா, வண்டி இப்பத்தான் ஆறிட்டு இருக்கு, கொஞ்சம் இரேன்’ என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். ‘அந்த இரும்புக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா’ என்றேன். வந்துவிட்டாள்.

கிளம்பும்போது பட்டறைக்காரரிடம், ‘நான் வந்து ரெண்டாவது தடவை இறுக்கற வரைக்கும் சாவியைக் குடுக்காதீங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். இதைத் தன் காதால் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். ‘அக்கா, கேட்டேன், நிஜம். ஆனா நான் கேட்டேன்னு எழுதிடாதீங்க, பொழப்பு போயிடும்’ என்றார். அதனால் அவர் பேரை எழுதவில்லை. பட்டறைக்காரரையும் என் மகளையும் தவிர அந்த நேரத்தில் அங்கே வேலையில் இருந்தவர்கள் இரண்டே பேர் என்பதை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அவள் என்னை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது காரைக் காணோம். ‘கார்க்காரர் வந்து அவசரப்படுத்தினாரு, குடுத்துட்டேன், ஒரு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது, நாளைக்கு வரச் சொல்லி இறுக்கிக்கலாம்’ என்றாராம் பட்டறைக்காரர். அன்று சாயங்காலம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ‘ஒத்தைப் புள்ளியோட போயிடுச்சும்மா’ என்று மட்டும் சொன்னாள். இரும்பு ஆறவும் என் கண் தெளியவும் அதே இரண்டு மணி நேரம்தான் ஐயா. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

7. கார்க்காரர் புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை காலையில், புஸ் என்று சத்தம் வருகிறது, வாடை அடிக்கிறது, ஆளை அனுப்பு என்று போன் செய்தார். காரை ஓட்டிவர அவருக்கு நேரமில்லை. பட்டறைக்காரர் என் மகளைக் கருவிப் பையோடு அவர் குடியிருக்கும் கட்டிடத்துக்கு அனுப்பினார். கீழ்த்தளத்தில் ஒரு கார் நிற்கிற அறை. ஜன்னல் இல்லை. தெருவைப் பார்த்து ஒரு இரும்பு ஷட்டர். அவள் உள்ளே போகும்போது ஷட்டர் முழுதும் தூக்கியிருந்தது என்று அந்தக் கட்டிடத்துக் காவலாளியே ஒப்புக்கொள்கிறார்.

புகை எந்த இடத்தில் கசிகிறது என்று பார்க்க என்ஜினை ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். அவள் ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் செருகிக்கொண்டு, மறு நுனியை ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போவாள். மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்வாள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோல் என்று எனக்கு ஒருநாள் செய்து காட்டியிருக்கிறாள்.

மேல் வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது, என்ஜின் சத்தம் பொறுக்கவில்லை என்று யாரோ சொல்ல, காவலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். ஒரு சாண் மட்டும் திறந்திருந்ததாம். அப்போது மணி பதினொன்று. பன்னிரண்டரைக்குத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இவள் வண்டி ஓரமாகத் தரையில் சாய்ந்திருந்தாள்.

எனக்குக் காட்டியபோது அவள் கன்னம் இரண்டும் சிவப்பாக இருந்தன. பிறந்ததிலிருந்து அவ்வளவு நல்ல நிறத்தில் அவளை நான் பார்த்ததில்லை. உயிர் இருக்கிறது, எழுப்புங்கள் என்று சத்தம் போட்டேன். அந்தப் புகை செய்கிற வேலை அது என்று டாக்டர் சொன்னார்.

8. மூடிய இடத்தில் ஓடவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்த இடத்தில்தான் ஓடவிட்டாள். பிறகு வேறொருவர் மூடினார். மழைச் சாரல் அடிக்கிறது என்று பட்டறைக் கதவைப் பாதி சாத்தினால்கூட, ‘என்ஜின் ஓடறது தெரியலையா, கொல்லப் பார்க்கிறீங்களா’ என்று முதலாளியையே அதட்டுகிறவள் அவள். அப்படிப்பட்டவள் தன் மேல் ஷட்டரை இறக்க ஒத்துக்கொள்வாளா? காவலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் யாரோ ஏவியதைச் செய்தவர்தான். ஆனால் ‘நான் மெக்கானிக் பாப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் இறக்கினேன், அது தலையாட்டுச்சு’ என்று விசாரணையில் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுத்தான் ‘மூடிய இடம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு காதில் குழாய், மறு காதில் விரல், முன்னால் என்ஜின் சத்தம். தலை, குழாய் போகிற பக்கமெல்லாம் அசைந்துகொண்டுதான் இருக்கும். அது சரி என்று சொன்ன தலையாட்டலா, கசிவைத் தேடின தலையாட்டலா என்று அவரிடம் யாராவது கேட்டார்களா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

9. ஆகவே ஐயா அவர்களை நான் பணிந்து கேட்டுக்கொள்வது:

வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து, தகட்டை எடுத்து, நான்கு நட்டுகளைப் பாருங்கள். இரண்டு புள்ளி இருந்தால் நான் சொன்னது எல்லாம் பொய். ‘சொந்தக் கவனக்குறைவு’ அப்படியே இருக்கட்டும், நான் இனி இந்த வாசலுக்கு வரமாட்டேன். ஒரு புள்ளி மட்டும் இருந்தால், வேலை முடியாமலே வண்டி போய்விட்டது என்று எழுதுங்கள். யார் கொடுத்தனுப்பினார் என்றும் எழுதுங்கள். ஷட்டரை யார் இறக்கியது என்பதும் அறிக்கையில் வர வேண்டும். இப்போது அதில் ஷட்டர் என்ற சொல்லே இல்லை.

யாரையும் உள்ளே தள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை. கவனக்குறைவு என்று யார் பேராவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், செவ்வாய்க்கிழமை போன் போட்டவள் என்று என்னை எழுதிக்கொள்ளுங்கள். அவளை எழுதாதீர்கள்.

நட்டுகளைப் பார்க்கும்போது என்னையும் பக்கத்தில் நிற்க விட வேண்டும். தொந்தரவு செய்யமாட்டேன். என் விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

தேதி: அவள் போன முப்பத்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை.
இடம்: பரிசோதனை முற்றத்தின் கம்பிக் கதவருகே. கார் இங்கிருந்து தெரிகிறது.

தங்கள் பேனா அந்த வரியைத் தொடும் முன் இதைப் படிப்பீர்கள் என்று நம்பும்,

(கையெழுத்து)
அவளைப் பெற்றவள்.

ஐயா, அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. காவலாளி சொன்னது நிஜமா இல்லையா என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான். தங்களால் அவளைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அதனால் நான் கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும்.

பட்டாணி, அந்த ஷட்டர் இறங்கினது உனக்குத் தெரிஞ்சுதாடி?