பெரியவள் போட்ட தாளம்

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

நீங்கள் நாலு பேரும் வேனில் ஏறிப் போனதிலிருந்து சலவைக் கடையின் பின்னறை வெறிச்சென்று கிடக்கிறது. உங்கள் டிரம்ஸ்காரன் இடி விட்டுப்போன உடைந்த குச்சி ஒன்று மூலையில் கிடந்தது. சோப்புத்தூள் கலக்க வைத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லாதே, அழுதாலும் அழுவான்.

போன் செய்யாதே என்றால் கேட்கவே மாட்டாயா? மெஷின் சத்தத்திலேயே இத்தனை வருஷம் நின்ற காது இது. வலது பக்கம் முழுதாகப் போய்விட்டது, இடது பக்கம் பேருக்குத்தான் இருக்கிறது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். திரையில் தட்டி அனுப்பு என்கிறாய். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரலை அந்தக் கண்ணாடி மதிப்பதே இல்லை. அதனால் கடிதம் எழுது. நேரில் இருந்தபோதும் நீ பேசுகிற வேகத்துக்கு உன் உதட்டை என்னால் படிக்க முடிந்ததில்லை. கடைக்கு வருகிற அத்தனை பேர் உதட்டையும் படிக்கிறேன், பெற்ற மகள் உதடு மட்டும் பிடிபடுவதில்லை. காகிதத்திலாவது நிதானமாகப் பேசு.

நேற்று ஹோட்டல் மேனேஜர் வந்து குதித்தார். மேஜை விரிப்பெல்லாம் சாயங்காலமே வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "கறை உன்னோடது, கை என்னோடது! அவசரம் உன்னோடது, வெயில் என்னோடதா?" என்று கேட்டேன். மனிதர் விரிப்புகளை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நம் பெரிய மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. துணி பிழிய ஆரம்பித்தால் பெரியவள் இடத்தை விட்டு நகர்ந்து வாசலுக்கு வரப் பார்க்கிறாள். அவளும் உன்னைப் போல ஊரை விட்டுக் கிளம்பப் போகிறாளோ என்னவோ. உன்மேல் கோபமில்லை. கடையை நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

தொண்டையைக் காப்பாற்று.

உன் அம்மா


மார்ச் 2
டயர் கடை மாடி

என் அம்மாவுக்கு,

நிதானமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இன்று எனக்கு வேகமே வரவில்லை.

எங்கள் முதல் மேடை நாசமாகப் போயிற்று. நல்ல அரங்கம், நல்ல கூட்டம். "அடுத்து வருவது ஈரத்துணி குழு" என்று அறிவித்தார்கள். 'ஈரத்துணி மாதிரி விழுந்து கிடக்காதீங்கடா' என்று நீ திட்டித் திட்டி வைத்த பேர் ஒலிபெருக்கியில் வந்தபோது எனக்குப் புல்லரித்தது. விளக்கு எரிந்தது. நான் இடியைப் பார்த்தேன். இடி ஒல்லியைப் பார்த்தான். கிட்டாரும் கையுமாக நின்ற ஒல்லி, பேஸ் வாசிக்கிற நம் பூனையைப் பார்த்தான். பூனைதான் வழக்கமாகவே வாய் திறக்காதவன், அவன் தரையைப் பார்த்தான். யாரும் தொடங்கவில்லை அம்மா! இத்தனை வருஷம் வாசித்த பாட்டு, எப்படித் தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர், "என்னம்மா, கரண்ட் இல்லையா?" என்று கேட்டார்.

அப்புறம் எப்படியோ தொடங்கினோம். இடி ஓடுகிறான், நான் துரத்துகிறேன், ஒல்லி எங்கேயோ பின்னால் வருகிறான். மூன்றாம் பாட்டுக்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வாரம் இன்னொரு அரங்கம், அங்கேயும் இதே கூத்து.

"தாளம் நிக்காதவனை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று ஒல்லி கேட்டுவிட்டான். இடி டிரம்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறான். பதினைந்தாம் தேதி கிளம்புகிறானாம். அவன் போனால் ஈரத்துணி இல்லை. நான் கடைக்கே திரும்பி வந்து இஸ்திரி போட வேண்டியதுதான். உனக்கு மகிழ்ச்சிதானே?

உன் மகள்


மார்ச் 6

அடி கழுதை,

எனக்கு மகிழ்ச்சியா? நீ தோற்றுப்போய் வந்து இஸ்திரி போட்டால் துணியெல்லாம் கருகிவிடும். ஜெயித்துவிட்டு வா, அப்புறம் போடு.

இடியை நான் சொன்னேன் என்று சொல்லி உட்கார வை. சின்ன வயதிலிருந்து என் வாளிகளைத் தட்டி நெளித்தவன் அவன். அந்த வாளிகளுக்கு ஒரு பலன் வேண்டாமா? ஒல்லியிடம், வாயைக் கொஞ்சம் துவைத்துக் காயப்போடச் சொல்.

உன் துக்கத்துக்கு நடுவே என் துக்கத்தையும் கேள். மெக்கானிக் வந்து பெரியவளைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கால் தேய்ந்து குட்டையாகிவிட்டதாம். அதனால்தான் 'தும்... ததும், தும்... ததும்' என்று நொண்டுகிறாளாம். பல வருஷமாகவே அப்படித்தான் என்கிறார். எனக்குத்தான் காது இல்லையே, பாதத்தில் தெரிவதோடு சரி. முதலில் மெதுவாகத் தொடங்குவாள், ஒரு நிலைக்கு வந்ததும் அதை அப்படியே பிடித்துக்கொள்வாள். அவள் நிலைக்கு வந்தாளோ இல்லையோ, பின்னறையில் நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள். தரை இரண்டு பங்காக அதிரும், நான் தலையில் அடித்துக்கொள்வேன். இப்போது அவள் மட்டும் தனியாக நொண்டிக்கொண்டிருக்கிறாள்.

புது மெஷினுக்குச் சொல்லிவிட்டேன். சத்தமே போடாதாம். இந்த மாதக் கடைசியில் வருகிறது. பழையதை இரும்புக்குப் போடப் போகிறேன்.

உன் அம்மா


மார்ச் 11

அம்மா! அம்மா! அம்மா!

நாங்கள் வரும் வரை பெரியவளை விற்காதே! இரும்புக்காரர் வந்தால் கதவைச் சாத்து!

உன் கடிதத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். 'நொண்டுகிறாள்' என்ற இடத்தில் இடி எழுந்து நின்றுவிட்டான். கையால் தன் தொடையில் தும்... ததும், தும்... ததும் என்று தட்டினான். பூனை உடனே பேஸ் கிட்டாரை எடுத்தான். ஒல்லியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு தடவைகூட 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணித் தொடங்கியதே இல்லை. பெரியவள் நிலைக்கு வருவாள், நாங்கள் உள்ளே போவோம். அவள் பிடித்த தாளத்தை இடி பிடித்தான், அவன் பிடித்ததை நாங்கள் பிடித்தோம். ஐந்தாவது ஆள் ஒருத்தி குழுவில் இருப்பது தெரியாமலே அவளைக் கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். மேடையில் மெஷின் ஓடுவதற்காகக் காத்து நின்ற மடையர்கள் உலகத்திலேயே நாங்கள்தான்!

ஒல்லி இடியின் காலைத் தொடாத குறை. "டேய், நீ நொண்டலைடா, நாங்கதான் நொண்டினோம்" என்றான். இடி அழுதான். பைக்கட்டைப் பிரித்துவிட்டான்.

மைக்கோடு வருகிறோம். அவள் போவதற்கு முன்னால் அவளோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அனுமதி கொடு, என் தங்கமே.

உன் மகள்


மார்ச் 15

வாயாடிக்கு,

வாருங்கள். ஆனால் தொழில் தொழில்தான். ஆஸ்பத்திரி விரிப்புகள் உள்ளே ஓடும். ஓடும்போது பாடினால் பாடு. என் துணி ஒன்றிலாவது செருப்புத் தடம் விழுந்தால் நாலு பேரையும் சேர்த்துப் பிழிந்துவிடுவேன்.

சாப்பிடாமல் வாருங்கள், சமைத்து வைக்கிறேன்.

உன் அம்மா


மே 20

என் அம்மாவுக்கு,

கொடிக்கயிற்றில் துணிக் கிளிப்பை வைத்து மைக்கைத் தொங்கவிட்டோமே, அந்தப் பதிவு இப்போது எங்கெங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு பெரிய கம்பெனிக்காரர் எங்களைக் கூப்பிட்டார். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேஜை. அதைப் பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது, மேஜை முழுக்க விரல் தடம். "பாட்டு பிரமாதம். அந்தத் தும் தும்முனு ஒரு இரைச்சல் வருதே, அதைத் துடைச்சிடலாம். திட்டுற மாதிரி பாடுறதையும் விட்டுட்டு, காதல் கீதல்னு நாலு வரி போடுங்க. ஊரெல்லாம் உங்க படம் ஒட்டிடறேன்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பூனை, ஆம் அம்மா, பூனைதான் வாயைத் திறந்தான். "அது இரைச்சல் இல்லைங்க, எங்க ஆளு" என்றான். எழுந்து வந்துவிட்டோம். படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு எல்லாப் பாட்டையும் நாங்களே இணையத்தில் ஏற்றினோம். யார் கதவையும் தட்டவில்லை.

போன சனிக்கிழமை, எங்களை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்களே, அதே அரங்கத்தில் மறுபடி வாசித்தோம். உள்ளே இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். நாங்கள் மேடையேறும் முன்பே கூட்டம் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. தும்... ததும், தும்... ததும். ஒரு கால் குட்டையான தாளம், பிசகாமல்! நாங்கள் அதில் ஏறிக்கொண்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்டில் திறந்தவெளி மைதானத்தில் நிகழ்ச்சி, நாங்கள் மட்டுமே. நீ வரவேண்டும். ஒரே ஒரு தடவை வா.

உன் மகள்


ஜூன் 3

அடி திருட்டுக் கழுதை,

கம்பெனிக்காரனை வேண்டாம் என்றது சரி. அதற்கு உன்னை மெச்சிக்கொள்கிறேன். மற்றதற்கு வருகிறேன்.

நேற்று பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கல்லூரிப் பெண்கள் ஐந்தாறு பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, காலைத் தட்டிக்கொண்டு, வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், உதட்டைப் படித்தேன். 'கறை உன்னோடது, கை என்னோடது! அவசரம் உன்னோடது, வெயில் என்னோடதா?' என்கிறார்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயிலிருந்து வந்த வசவை யார் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது? பதிவன்று என்ன பாடுகிறாய் என்று கேட்டேனே, சிரித்தே மழுப்பினாயே, இதுதானா? ஹோட்டல் மேனேஜர்கூட இன்று பணிவாக, "உங்க சௌகரியம்போல குடுங்கம்மா" என்கிறார்.

பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

புது மெஷின் ஒருவழியாக வந்தாயிற்று. பெரியவளை இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. ஆனால் இந்தப் புதியது ஓடுகிறதா நிற்கிறதா என்று பாதத்துக்குத் தெரிவதே இல்லை, அடிக்கொரு தரம் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மைதானத்துக்கு நான் வரமாட்டேன். கேளாத காதை வைத்துக்கொண்டு அங்கே வந்து என்ன செய்ய? எல்லோரும் உன்னைக் கேட்டுக் குதிப்பார்கள், பெற்றவள் மட்டும் மரம் மாதிரி நிற்பேன். அந்தக் கொடுமை எனக்கு வேண்டாம். ஊருக்கெல்லாம் கேட்கிற குரல் எனக்குக் கேட்கவில்லையே என்று இருக்கிற வருத்தம் போதும்.

உன் அம்மா


ஜூன் 9

அம்மா,

மேடையின் பக்கவாட்டில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், பலகையின்மேல் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நில். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

நீ வராவிட்டால் நான் பாடமாட்டேன் என்றெல்லாம் மிரட்டமாட்டேன். பாடுவேன். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே பாடுவேன்.

உன் மகள்


ஆகஸ்ட் 19

என் கண்ணுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. கிடக்கட்டும், முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

அவ்வளவு தலைகளை நான் பார்த்ததே இல்லை. நீ சொன்னபடி செருப்பைக் கழற்றிப் பலகையில் நின்றேன். நீங்கள் இன்னும் வரவில்லை. திடீரென்று உள்ளங்காலில் தும்... ததும். முழங்காலுக்கு ஏறியது, நெஞ்சுக்கு ஏறியது. இரும்புக்காரரிடமிருந்து பெரியவளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாயா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் மைதானத்தைப் பார்த்தேன். அத்தனை பேரும் காலால் தட்டுகிறார்கள்! என் சலவைக் கடையின் நொண்டி மெஷினை அத்தனை கால்கள் சேர்ந்து ஓட்டுகின்றன!

இடி வந்தான், பிடித்துக்கொண்டான். என்ன அழகாக உட்கார்ந்திருந்தான்! வாளி நெளிந்தால் நெளியட்டும்.

நீ வந்தாய். கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக என் பக்கம் திரும்பினாய். இத்தனை ஜனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே, மரியாதை தெரியாதவள் என்று திட்ட வாயெடுத்தேன். அதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். மெதுவாக, உதட்டை விரித்து, ஒவ்வொரு வார்த்தையாக என்னிடம் கொடுத்தாய். கறை, கை, அவசரம், வெயில். அப்புறம் எனக்குத் தெரியாத வரிகள். ஈர விரலைப் பற்றி, கேளாத காதைப் பற்றி, பாதத்தால் கேட்கிறவள் ஒருத்தியைப் பற்றி. ஒன்றையும் விடாமல் என் வாயும் உன்னோடு சேர்ந்து அசைந்தது. என் மகள் பாடியதை நான் கேட்டேன். முழுதாகக் கேட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் என் தோளைத் தட்டி, "உங்களுக்கு எல்லா வரியும் தெரியுதே, எப்படிங்க?" என்று கேட்டாள். "எங்க வீட்டுச் சண்டைம்மா அது" என்றேன்.

கடையை நீ பார்த்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம். முதல் பாட்டை எனக்காக வேகம் குறைத்துப் பாடினாய் என்று இடி அப்புறம் ஜாடை காட்டிச் சொன்னான். இனிமேல் குறைக்காதே. உன் வேகத்திலேயே பாடு. நான் பிடித்துக்கொள்வேன்.

உன் அம்மா