அவள் நோட்டில் எழுதியது

மண்ணூர்
14.9.91

அன்புள்ள எஸ்தருக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் முட்டுவலி தேவலையா?

நேற்று கம்பெனியைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். நம் ஷெர்லின் வயதுப் பெண் ஒருத்தி, நான் வெட்டிய தகட்டைக் காட்டி, “இத்த வண்டில எங்க மாட்டுவாங்க, சார்?” என்றாள். மூன்று வருடமாக வெட்டுகிறேன், எனக்கே தெரியாது. “கையைக் கட்டிட்டு நில்லு பிள்ளை” என்று அதட்டினேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கூசிப்போனேன்.

சாயங்காலம் சூப்பர்வைசரிடம் கேட்டேன். கதவுக் கீலுக்காம்.

ஷெர்லின் பள்ளி முகாமுக்குப் போகக் கேட்டபோது, “பாடத்தைப் படி, போதும்” என்று எழுதினேனே. அவள் அனுப்பிய சம்மதத் தாளில் இப்போது கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. இங்கே சோறு இறங்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

முகாமில் அவள் எதையாவது கேட்டால், என்னைப் போல் ஒருவன் அதட்டிவிடக் கூடாதே என்றுதான் இருக்கிறது.

உன்
ஞானராஜ்