சுலோசனாவைக் கேட்க ஒரு தீவு

7 ஜனவரி 2007, ஞாயிறு

கடற்கரைச் சாலையில் இன்று அரைமணி நேரம் உட்கார்ந்திருப்போம். அதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். "தம்பி, என் பொறந்த சர்டிபிகேட்ட ரெண்டு பக்கமும் காப்பி எடுத்தியா?" என்று ஒரு பெரியவர். "நாளைக்குக் கட தொறப்பியா?" என்று ஒரு அம்மாள். பிரெஞ்சு கான்சல் ஆபீசுக்கு அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் இந்த ஊரில் யாரையும் காதலிக்கவே கூடாது. எல்லாருக்கும் என்னைத் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சுலோசனா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாம ஒரு வார்த்த பேசறதுக்குள்ள ஊரு நூறு வார்த்த பேசிடும். நாலு பக்கமும் தண்ணி இருக்கற எடமா பாத்துப் போய் ஒக்காரணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒன்றரை வருஷப் பழக்கம். எனக்கு முப்பத்து நாலு, அவளுக்கு முப்பத்தொன்று. கல்யாணம் என்கிற சொல்லை இருவருமே இதுவரை எடுத்ததில்லை. நான்தான் எடுக்க வேண்டும். நாலு பக்கமும் தண்ணி — ஏன், போனால் என்ன?

10 ஜனவரி

இன்று ஒரு அம்மாள் மகனின் போட்டோவை லேமினேட் செய்ய வந்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "உன் கடைக்கு வர்றதுல நேஷனாலிட்டி பொண்ணு எதாச்சும் இருந்தா சொல்லுப்பா. கறுப்பு செவப்பு பாக்கமாட்டோம், வயசு கூட இருந்தாலும் பரவால்ல" என்றார். வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டினால் பிரான்சுக்குப் போய்விடலாம். மாப்பிள்ளைக்கு அவ்வளவுதான் வேண்டும்.

சுலோசனாவும் நேஷனாலிட்டிதான். அவள் அப்பா அரிகிருஷ்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரது பென்ஷன் தாள்களைக் காப்பி எடுக்க அவள் வந்தபோதுதான் எனக்குப் பழக்கமானாள். உப்பளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வரன் வந்து இரண்டுமே முறிந்தது. முதல் மாப்பிள்ளை நிச்சயத்துக்கு முன்பே விசா எத்தனை மாதத்தில் கிடைக்கும் என்று கேட்டானாம். இரண்டாமவன் இவள் பெயரையே தப்பாகச் சொன்னானாம், பாஸ்போர்ட் விவரமெல்லாம் சரியாகச் சொன்னானாம். இதை என்னிடம் சொன்ன அன்று அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பயல்களில் ஒருவன் என்று அவள் என்னை ஒரு நொடி நினைத்தாலும் போதும், நான் செத்தேன்.

11 ஜனவரி

ஒரு யோசனை! அவளை பிரெஞ்சில் கேட்டால்? அப்பாவும் பெண்ணும் வீட்டில் கொஞ்சிக்கொள்வது, சண்டை போடுவது எல்லாம் பிரெஞ்சில்தான். அவள் வீட்டுப் பேச்சில் கேட்டால் உருகிப்போவாள். மதாம் செல்வாம்பாள் வீட்டில் மாலையில் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. இன்றே சேர்ந்துவிட்டேன். சுலோசனாவுக்குத் தெரியக்கூடாது.

14 ஜனவரி, போகி

ஊரெல்லாம் புகை. அம்மா என் பழைய சட்டைகளை எரித்துவிட்டாள், அதில் நல்ல சட்டை ஒன்று. தீவுக்கு என்று நினைத்து வைத்திருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

18 ஜனவரி

வகுப்பில் என்னைத் தவிர ஏழு பேர். ஏழு பேருமே மாப்பிள்ளைகள்! கல்யாணம் முடிந்து விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். பெயர், ஊர், பிறந்த தேதி, பெண்டாட்டியை எங்கே சந்தித்தாய் — கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவன் என்னைப் பார்த்து, "உனக்கு விசா இன்டர்வியூ எப்போ?" என்றான். "எனக்கு அதெல்லாம் இல்ல" என்றேன். நம்பவில்லை.

மதாமிடம் தனியாகப் போய், "எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும் மதாம்" என்றேன். "மொதல்ல உன் பேரச் சொல்லக் கத்துக்கோ" என்று திட்டினார். மாட்டேன் என்றேன். மண்டையில் இருக்கிற இடத்துக்கு ஒரு வாக்கியமே அதிகம்.

21 ஜனவரி, ஞாயிறு

சின்னக்கண்ணு வீராம்பட்டினத்துக்காரன், என்னோடு பத்தாவது வரை படித்தவன். இன்று காலை அவனுடைய ஃபைபர் போட்டில் போய் இடம் பார்த்துவிட்டேன். ஆறு கடலில் சேர்கிற இடத்தில் ஒரு மணல் திட்டு. அடப்பங்கொடி, நண்டு, ஆலாப் பறவைகள், வேறு ஒன்றுமே கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. கரை தெரிகிறது, கரையில் இருப்பவன் முகம் தெரியவில்லை. அங்கே நின்று "சுலோசனா" என்று கத்திப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை.

"இன்னாடா, கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்க இவ்ளோ தூரமா? எங்க ஊர்ல வலை காயவைக்கற எடத்துலயே கேட்டுருவோம்" என்றான் சின்னக்கண்ணு. பிப்ரவரி பதினொன்று என்று முடிவு செய்தேன். "அன்னிக்குத் தண்ணி வத்தம். போட்டு உள்ள வராது" என்றான். "எனக்கு ஞாயித்துக்கிழமதான் லீவு, பாத்துக்கலாம் வா" என்றேன்.

1 பிப்ரவரி

வாக்கியம் வந்துவிட்டது. வூலே வூ மேப்பூசே — என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று அர்த்தம். லேமினேஷன் மெஷின் சூடாகும் வரை இருபது தடவை சொல்கிறேன்.

4 பிப்ரவரி, ஞாயிறு

"அடுத்த ஞாயிறு ஒரு எடத்துக்கு வரியா? படகுல போவணும்." கேட்டுவிட்டேன்.

"என்ன எடம்?"

"நாலு பக்கமும் தண்ணி."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "அப்பாகிட்ட உங்களோடதான் போறேன்னு சொல்லிட்டு வருவேன். ஒளிச்சுல்லாம் வரமாட்டேன்" என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன். வரும் வழியெல்லாம் சைக்கிள் தானாகவே ஓடியது.

10 பிப்ரவரி

அம்மாவிடம் கடலூரில் நண்பன் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் போகிறவனுக்குப் புளிச்சோறு எதற்கு என்று கேட்டபடியே கட்டித் தருவதாகச் சொன்னாள். திட்டில் நிழலே கிடையாது, அவள் புடவையில் மணல் ஒட்டக்கூடாது. எனவே கடையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெரிய குடை. தூக்கம் வருகிற மாதிரி இல்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது. கை வரவில்லை.

ஏழரை மணிக்குச் சின்னக்கண்ணு எங்களைத் திட்டில் இறக்கிவிட்டுப் போனான். ஸ்டூலோடு என்னைப் பார்த்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலோரம் வரை நடந்தாள். திரும்பி வந்து, "யாருமே இல்ல, மூர்த்தி! யாருமே இல்ல!" என்றாள். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இதுதான் நேரம் என்று நினைத்தேன். நின்றேன். சொன்னேன். ஒரு எழுத்துத் தப்பவில்லை.

அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

எனக்குப் பெருமை வேறு. "மதாம் செல்வாம்பாள்கிட்ட. ஒரு மாசமாப் போறேன். உனக்குத் தெரியாம."

"அங்க யாரெல்லாம் படிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்க் கடலைப் பார்த்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட முட்டாளே! ஏழு மாப்பிள்ளைகளைப் பார்த்து மாசம் முழுக்கச் சிரிச்சியே, எட்டாவது மாப்பிள்ள நீதான்டா. கடையில உக்காந்து தினம் இதையே பாக்கறவனுக்கு இதுகூடத் தெரியலைன்னா வெளிய சொன்னா யாரு நம்புவாங்க? நான் அவ எடத்துல இருந்தா நம்புவேனா? மாட்டேன்.

"சுலோசனா, சத்தியமா அதுக்கில்ல" என்றேன். "எல்லாரும் அதத்தான் சொன்னாங்க" என்றாள், திரும்பாமலே.

ஒன்பதரைக்குச் சின்னக்கண்ணு வந்தான். வந்து என்ன? தண்ணீர் வற்றிவிட்டது. தூரத்தில் போட்டில் நின்றபடி, "அப்பவே சொன்னேன்ல? தண்ணி ஏறுனாத்தான் உள்ள வர முடியும், ரெண்டு மணி நேரமாவது ஆகும்" என்று கத்தினான். கோபித்துக்கொண்ட பெண், போக இடமில்லாத திட்டு, ஏறுகிற வெயில். இதைத் திட்டம் போட்டு ஏற்பாடு செய்தவன் நான்!

குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன். எவ்வளவு நேரமோ. கடைசியில், "ஒக்காருங்க. மயக்கம் போட்டு விழுந்தா நான் என்ன பண்றது?" என்றாள். உட்கார்ந்தேன். புளிச்சோற்றைப் பிரித்தேன். பசி அவளுக்கும் இருந்தது. சாப்பிட்டாள். பாதியில் கேட்டாள்:

"நான் நேஷனாலிட்டிய விட்டுட்டா?"

வாய் வரை வந்துவிட்டது, விட்டுவிடு என்று. சொல்லவில்லை. "விடுன்னு சொன்னா, என்ன நல்லவனாக் காட்டிக்க உன் சொத்த விடச் சொன்ன மாதிரி. விடாதன்னு சொன்னா, அதுக்காகத்தான் வந்தேன்னு ஆயிடும். நான் எதச் சொன்னாலும் தப்பாத்தான் இருக்கும். எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல சுலோசனா."

பொட்டலத்தை மடித்து என் பையில் வைத்தாள். பன்னிரண்டுக்கு மேல் போட் வந்தது. இறங்கும்போது மட்டும் சின்னக்கண்ணுவிடம், "வரேங்க" என்றாள். என்னிடம் அதுகூட இல்லை.

12 பிப்ரவரி

வகுப்புக்குப் போகவில்லை. இனிப் போகமாட்டேன்.

14 பிப்ரவரி

கடைக்கு முன்னால் பையன்கள் ரோஜாவோடு அலைகிறார்கள். எரிச்சலாக வருகிறது. போன் செய்தேன், எடுக்கவில்லை. அம்மா, "கடலூர் கல்யாணத்துல சோறு சரியில்லியா, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?" என்றாள். வெயில் என்றேன். மூக்கெல்லாம் தோல் உரிகிறது, அதனால் நம்பிவிட்டாள்.

17 பிப்ரவரி

தப்பு என் மேல்தான். அவளைக் கேட்டதில் தப்பில்லை.

20 பிப்ரவரி, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணி இருக்கும். கடையில் வரிசை, ஐந்து பேர் நிற்கிறார்கள். ஆறாவதாக சுலோசனா. பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். ஒரு பெரியவரின் பென்ஷன் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டேன். அவள் தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. பக்கவாட்டில் வந்து நின்று, பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. விழித்தேன்.

இன்னொன்று கேட்டாள். அதற்கும் விழித்தேன். மூன்றாவது. வரிசையில் நின்ற பெரியவர் பொறுக்க முடியாமல், "உன் பேரு, பொறந்த ஊரு, பொறந்த தேதி கேக்குதுப்பா அந்தப் பொண்ணு" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"ஒரு மாசம் போனீங்களே?" — சுலோசனா.

"அந்த ஒரு வாக்கியம்தான். மத்ததெல்லாம் வேணாம்னுட்டேன். மதாம் திட்டுனாங்க."

என்னையே பார்த்தாள். "விசாவுக்குப் படிக்கறவன் மொத நாளு படிக்கறதே இதான். இதுகூடத் தெரியாம ஒரு மாசமா..." முடிக்கவில்லை. சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"நான் தெரியாத மாதிரி நடிக்கலாமே" என்று சொல்லித் தொலைத்தேன். எதற்குச் சொன்னேனோ!

"நடிக்கத் தெரிஞ்ச ஆளு ஸ்டூல் தூக்கிட்டுத் தீவுக்கு வருவானா?" என்றாள். பிறகு, "தமிழ்ல கேளுங்க" என்றாள்.

"இங்கியா?"

"இங்கதான்."

ஐந்து பேர். அதில் இரண்டு பேர் நெல்லித்தோப்பு, எங்கள் தெரு. சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்குப் போய்விடும். போகட்டும். மெஷினை நிறுத்தினேன்.

"சுலோசனா, என்னக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

"எனக்குச் சரி. அப்பாகிட்ட நீங்களே வந்து கேளுங்க."

பெரியவர் கையை நீட்டினார். "சரின்னுட்டா இல்ல? என் காப்பியக் குடு தம்பி, கான்சல் ஆபீசுல கதவச் சாத்திடுவாங்க."

25 பிப்ரவரி, ஞாயிறு

உப்பளத்தில் சுலோசனா வீட்டுக்குப் போனோம், அம்மாவும் நானும். வழியெல்லாம் அம்மா, "அப்ப பாரிசுக்கு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "அங்க வந்து இதக் கேட்டியோ, நான் நடு ரோட்லயே எறங்கிடுவேன்" என்றேன். பாவம், அங்கே வாயே திறக்கவில்லை. அரிகிருஷ்ணன்தான் கேட்டார்: "பிரான்சுக்குப் போற எண்ணம் இருக்கா, முசியே?" "கடைய யாரு பாத்துப்பாங்க?" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை, வாயில் வந்துவிட்டது. மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணத்தை மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

9 ஜூலை, திங்கள்

கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகப்போகிறது. காலையில் சுலோசனா கடை வழியாகப் போனாள், அப்பாவின் பென்ஷன் ஃபைலையும் தன் ஃபைலையும் எடுத்துக்கொண்டு. இரண்டு வருஷமாக அவளைப் பார்க்கிறேன், அந்த ஃபைலை ஒரு நிமிஷம் யாரிடமும் விட்டதில்லை. ஒவ்வொரு தாளும் மெஷினுக்குள் போய்த் திரும்பி வரும்வரை கண் எடுக்காமல் நிற்பாள். எண்ணி வாங்கிக்கொண்டுதான் நகர்வாள். பாஸ்போர்ட்டும் அதில்தான் இருக்கிறது.

இன்று இரண்டையும் கவுன்டரில் வைத்தாள். "எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு. ஸ்கூல்ல பெல் அடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எடுத்து முடிக்க மத்தியானம் ஆனது. சாயங்காலம் நான்தான் இரண்டு ஃபைலையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.