மார்கழியில் பவுனு காட்டுக்குப் போகிறாள்

பவுனுவின் இடப்பக்கம் நடந்தே பழகிய என் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வழியில்லாமல் பண்ணிவிட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த மார்கழியில் நாங்கள் பவுனு, ராஜா இரண்டு குதிரைகளோடும் காட்டுக்குப் போகிறோம். நீ வருஷா வருஷம் சொல்லி, வருஷா வருஷம் தள்ளிப்போட்டாயே, அதே பயணம்.

"மார்கழியில முகூர்த்தம் கெடையாது, மாப்பிள்ள கெடையாது, பம்பை மேளம் கெடையாது. நம்ம குதிரைங்களுக்கும் லீவு வேணுமில்ல?" என்பாய். மழை முடிந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக இருக்கும் என்று காரணம் அடுக்குவாய். வாய்ப்பந்தல் போடுகிறாய் என்று கேலி செய்தேன். இப்போது திட்டம் போட உட்கார்ந்தால், பாதியை நீயே யோசித்து வைத்துவிட்டுப் போயிருப்பது தெரிகிறது.

காட்டுக்குள்ளே தங்க அனுமதி கிடைக்கவில்லை. யானை நடமாட்டம் அதிகம் என்று வனத்துறையில் கையை விரித்துவிட்டார்கள். பகலில் காட்டோரப் பாதையில் போய்வரலாம், அதுவும் அவர்கள் ஆள் ஒருவர் கூட வந்தால். சரி, ராத்திரிக்கு எங்கே போவது? உன் கூட்டாளி மாதையன் அண்ணன்தான் கைகொடுத்தார். பென்னாகரம் தாண்டி காட்டை ஒட்டி இருக்கிறதே அவர் நிலம், அங்கே கூடாரம் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

நான் ஓடைக்கரையில் இடம் கேட்டேன். போட்டோவில் அழகாக இருக்குமே என்று ஆசை. அவர் சிரித்துவிட்டார். "ராகி அறுத்தாச்சு புள்ள, அதனால நெலத்துக்குள்ள ஆன வராது. ஓடைக்கு வரும். தண்ணி குடிக்காம அது எங்க போவும்? குதிரைங்கள மேட்டுல கட்டு. தண்ணிய பக்கெட்டுல கொண்டாந்து குடு." அழகை விட்டுவிட்டு மேட்டுக்கு மாறினேன். நான் ஒருத்தர் பேச்சை உடனே கேட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

கூடாரம், கயிறு, ஊறவைக்கக் கொள்ளு, கம்பளி என்று எல்லாம் சேர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் சேரவில்லை. அண்ணி பவுனுவைத் தொடுவதில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று பெரியப்பா எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். "கல்யாணக் குதிரைம்மா இது. இனிமே அமுதா கைய வெச்சா நாளைக்கு யாரு வந்து கூப்புடுவாங்க?" நான் எகிறினேன். அண்ணிதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "வேணாம் செல்வி. வாயில்லா ஜீவனுங்க பொழப்பு என்னால கெடக்கூடாது."

அன்றிலிருந்து அண்ணி கொள்ளை ஊறவைப்பார்கள், வாளியைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே தூக்கிப்போவது நான். பவுனு என்னைப் பார்க்காது. என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அண்ணியின் கழுத்துச் சங்கிலியை விற்று வாங்கியதால்தானே அதற்குப் பவுனு என்றே பேர் வைத்தாய். அந்தப் பேரைத் தினம் கூப்பிட்டவளையே தள்ளி நிற்கச் சொன்னால், அது எந்த ஊர் நியாயம்?

காட்டுக்கு வாங்க என்றேன். "சமைக்க வரேன். குதிரைகிட்ட வரமாட்டேன்" என்றார்கள். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். ஏரிக்கரை மண்பாதையில் சுமையோடு ஒரு நடை நடத்திப் பார்ப்போமே என்றுதான். ராஜா முதுகில் கூடாரமும் கொள்ளு மூட்டையும். அவனை வேலியோரம் கட்டிவிட்டு முதலில் பவுனுவைக் கிளப்பினேன். அதன் முதுகில் சமையல் சாமான். அண்ணி தூரத்தில், கூடாரக் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். தெருவில் பட்டாசு வெடித்தாலும் காதை ஆட்டாத குதிரை, ஏரிக்கரையில் ஒரு கொக்கு எழுந்து பறந்ததற்கு நடுங்கியது. காட்டுக்குப் போய் என்ன பாடு படுத்தப்போகிறதோ என்று நினைத்தேன். அதற்குள் வேறு கூத்து ஆரம்பித்தது.

பாதை கொஞ்சம் இறங்கியது. சுமையில் இருந்த குண்டானும் கரண்டியும் வாணலியும் ஒன்றோடொன்று இடித்தன. டண் டண்ணென்று ஒரே சீராகச் சத்தம். பவுனு நின்றது. காதை நிமிர்த்தியது. முன்னங்காலைத் தூக்கியது. அண்ணா, அது ஆட ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பில் ஆடுமே, அதே ஆட்டம். அது ஆட ஆட பாத்திரம் இன்னும் இடிக்கிறது. பாத்திரம் இடிக்க இடிக்க அது இன்னும் ஆடுகிறது. அரிசி கொட்டுகிறது, தக்காளி ஏரிக்குள் உருளுகிறது. நான் கடிவாளத்தில் தொங்கிக்கொண்டு எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் வைகிறேன். அது என்னை மேளக்காரன் என்று நினைத்ததோ என்னவோ, இன்னும் உற்சாகமாகிவிட்டது. கரை ஓரத்துக்கே போய்விட்டோம். இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் இரண்டு பேரும் தண்ணீருக்குள்.

அண்ணி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நீ பழக்கும்போது வாசற்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் போல. உள்ளங்கையை விரித்துப் பவுனுவின் நெற்றியில் வைத்து, "போதும்டி பவுனு, மாப்பிள்ள எறங்கிட்டாரு" என்றார்கள். நீ சொல்லும் அதே சொல், அதே மெல்லிய குரல். பவுனு நின்றுவிட்டது. தலையை இறக்கி அண்ணியின் தோளில் வைத்துக்கொண்டது.

அண்ணி முதலில் சிரித்தார்கள். நீ போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அப்புறம் அழுதார்கள். நானும் அழுதேன். நெற்றியில் வைத்த கையை மட்டும் அவர்கள் எடுக்கவே இல்லை.

ராஜாவை அவிழ்த்து நான் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது பவுனுவின் கயிறு அண்ணி கையில். கொல்லைப் பக்கமாகப் போகலாம் என்று நான்தான் பயந்துபோய்ச் சொன்னேன். அவர்கள் காதில் வாங்கவில்லை. நட்ட நடுத் தெருவில், பெரியப்பா வீட்டு வாசல் வழியாக நடந்தார்கள். அவர் எழுந்து வந்தார்.

"என்னம்மா அமுதா இது?"

"என் சங்கிலில வாங்குன குதிரை மாமா. நான் புடிக்காம வேற யாரு புடிக்கிறது? பசி நேரம், வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

குரல் உயரவில்லை. நிற்கவும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் அண்ணன் பொண்டாட்டி என்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போல இருந்தது. கத்தாமலே ஒரு சண்டையை முடிக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சேதி பரவத்தான் செய்தது. மறுநாளே கம்பைநல்லூரிலிருந்து போன். தை மாதக் கல்யாணத்துக்குப் பேசி வைத்தவர்கள். "குதிரைய உங்க அண்ணிதான் புடிச்சிட்டு வருவாங்களா?" என்று இழுத்தார்கள். "ஆமாங்க. அவங்க குதிரை, அவங்கதான் வருவாங்க" என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்களா? தெரியவில்லை. அண்ணியிடம் சொன்னேன். "போனா போவட்டும். பவுனுக்குக் குளம்பு பாக்கணும், லாடக்காரர வரச்சொல்லு" என்றார்கள்.

நேற்று அண்ணி உன் பழைய லுங்கிகளைக் கிழித்து, பாத்திரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி மூட்டை கட்டினார்கள். தூக்கி உலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பவுனுவும் மோந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. நாளை விடிந்ததும் பிக்கப் வண்டியில் ஏற்றுகிறோம்.

கட்டி முடித்ததும் கேட்டேன், "அங்க போயி பவுனு மேல யாருங்க அண்ணி ஏறறது?" அண்ணி அதன் பிடரியைக் கோதிக்கொண்டே சொன்னார்கள், "எத்தன மாப்பிள்ளைங்கள ஏத்திட்டுப் போயிருப்பா. ஒரு பொண்ண ஏத்துனாளா?"

உங்கள் கல்யாணத்தில் குதிரையும் இல்லை, மேளமும் இல்லை. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தீர்கள். அது எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணிக்கும் வந்திருக்கும்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மாதையன் அண்ணன் மேட்டில் அண்ணியைப் பவுனு மேல் ஏற்றுவேன். இடப்பக்கம் மாதையன் அண்ணன் கயிறு பிடிப்பார். நான் உன் லுங்கியை அவிழ்த்துக் குண்டானை வெளியே எடுப்பேன். அண்ணி போதும் என்கிற வரைக்கும் தட்டுவேன். சத்தம் கேட்டு ஊரில் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். யானை விரட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உன் தங்கச்சி,
இனிமேல் அண்ணிக்கு மேளக்காரி,
செல்வி